ஐந்து ஐம்பது

முதலில் வந்தது ஓர் எண்.
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்,
கடைசி இலக்கம் மட்டும் ஒரு சின்னக் கட்டத்துக்குள்.
நேற்றிரவோ அதற்கு முந்தின இரவோ
மூன்றாம் வரிசையில் டார்ச் அடித்துப் படித்த
துருவேறிய நீலக் கன்டெய்னரின் எண்.
அதைப் பிழையில்லாமல் சொல்ல முடிந்தது.
என் பெயர்
இன்னும் வந்து சேரவில்லை.

கை இடப்பக்கம் சுவரைத் தேடியது.
இல்லை.
ராயபுரத்து வீட்டில்தான் சுவர் இடப்பக்கம்.
அதைக் காலி செய்து
திருவொற்றியூர் வந்து மூன்று வருடமாகிறது.
கைக்கு யாரும் சொல்லவில்லை போல.

மின்விசிறி நின்றிருந்தது.
அது நின்றதால் விழித்தேனா
விழித்த பிறகு நின்றதா.
கன்னத்தில் பாயின் கோடுகள்.
ஜன்னலில் ஆறிப்போன டீ நிறத்தில் வெளிச்சம்.
கார்த்திகை மாத மூட்டம்.
எதிர் பிளாக் சுவரில் பட்டுத்தான்
எங்கள் வீட்டுக்கு வெளிச்சமே வரும்.
கடல் பக்கத்துச் சூரியனா, மாதவரத்துப் பக்கமா,
அந்தச் சுவர் சொல்லாது.

கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.
எந்த ஐந்து ஐம்பது?
செல்போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

சரி, காதால் கண்டுபிடிக்கலாம் என்று
அசையாமல் படுத்திருந்தேன்.
பாங்கு கேட்டது.
விடியலுக்கும் உண்டு, அந்திக்கும் உண்டு.
விடியற்காலைப் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதல்,
தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று.
யார்டில் காஜா ஒருமுறை
கொட்டாவி விட்டபடி சொன்னான்.
அந்த வரிக்காகக் காத்திருந்தேன்.
சரியாக அந்த இடத்தில்
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர்
நீளமாக ஹாரன் அடித்தது.

கீழே குடங்கள் முட்டிக்கொண்டன.
தண்ணி லாரிக்கு வேளை கிடையாது.
மணலியிலிருந்து வரும் காஸ் வாடைக்கும் கிடையாது.
காக்கைகள், கிளம்பும்போதும் அடையும்போதும்
அதே சண்டை.

எழுந்து உட்கார்ந்ததும்
அடிவயிற்றில் பிடித்தது
நேரமாகிவிட்ட பயம்.
எதற்கு நேரமானது என்பது மட்டும்
அதில் இல்லை.
எட்டு வயதில் ஒருநாள்
சாயங்காலத் தூக்கத்திலிருந்து எழுந்து
பல் விளக்கி, யூனிபார்ம் மாட்டி,
பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
வீடே சிரித்தது.
இன்று சிரித்துச் சரிசெய்ய ஆளில்லை.
பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்தேன்.
பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே
கூடத்துக்கு வந்தேன்.

வாசலில் குளோரி.
ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்.
தோளில் கம்பெனிப் பை.
எங்கள் வீட்டில் இரவு என்னுடையது இல்லை,
பகல் அவளுடையது இல்லை,
இந்த வாசல்தான் பொது.
"போறியா? வந்துட்டியா?"

பதில் உடனே வரவில்லை.
கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.
அதனிடம் கேட்டுச் சொல்கிறவள் மாதிரி.
"இருய்யா" என்றாள்.
"பஸ்ல தூங்கிட்டேன்.
தேரடியாண்ட எறங்காம
விம்கோ நகர் வரிக்கும் போய்ட்டேன்.
எறங்கி, எந்தப் பக்கம் நடக்கறதுன்னே தெர்ல.
ஒரு பூக்காரம்மாவாண்ட கேட்டேன்.
எங்க போவணும்னு அது கேக்குது,
எனுக்கு அதுவும் வர்ல."

அவள் முடியில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது,
யாருடைய சட்டைக்கோ தைத்த நூல்.
அப்போ சாயங்காலம்.

கரண்ட் வந்தது.
டியூப்லைட் இரண்டு தடவை யோசித்தது.
அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்,
நான் பிரஷ்ஷோடு பக்கத்தில்.
அவள் கூப்பிட்டால் பெயர் வந்துவிடும் என்று தோன்றியது.
கல்யாணமான நாளிலிருந்து
அவள் என்னைக் கூப்பிடுவது
"இன்னாயா" மட்டும்தான்.
அப்படித்தான் கூப்பிட்டாள்.
"இன்னாயா, சோறு இருக்குதா?"
இருந்தது.

ஏழரைக்கு யார்டு கேட்டில்
செக்யூரிட்டி ரிஜிஸ்டரை நீட்டினான்.
கை தயங்கவில்லை.
ஞா. சவரிராஜ் என்று எழுதியது.
பக்கத்துக் கட்டங்கள் இரண்டு:
உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்.
இரண்டாவதில் எழுதி,
அடித்து,
முதலாவதில் எழுதினேன்.